படம் முடிந்த பிறகுதான் வேலை: கடலோர ஊர்களில் திரைப்படத்தைச் சமூக மாற்றத்துக்குப் பயன்படுத்துவது எப்படி?

1976-ல் ஷியாம் பெனகல் இயக்கிய ‘மந்தன்’ என்ற இந்திப் படத்துக்குத் தயாரிப்பாளர்கள் 5 லட்சம் பேர். குஜராத்தின் பால் கூட்டுறவு உறுப்பினர்கள் ஆளுக்கு 2 ரூபாய் போட்டு எடுத்த படம் அது. இந்தச் செய்தியைப் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். படம் வந்த பிறகு, அந்தப் பால் கூட்டுறவு இயக்கத்தை வழிநடத்திய வர்கீஸ் குரியன் செய்த காரியம் அந்த அளவுக்குத் தெரியாது. கூட்டுறவு இன்னும் வராத ஊர்களுக்குப் படத்தின் 16 மி.மீ. பிரதிகளை அனுப்பினார். பெட்டியோடு ஆட்களும் போனார்கள்: ஒரு கால்நடை மருத்துவர், ஒரு பால் தொழில்நுட்பர், ஒரு தீவன நிபுணர். படம் முடிந்ததும் கூட்டத்தில் ஒருவர் “நம்ம ஊருக்கும் இது ஆகுமா?” என்று கேட்டால், பதில் சொல்ல ஆள் அங்கேயே நின்றது.

கதைப்படத்தை வைத்துச் சமூக மாற்றம் என்று பேசும்போது அடிப்படை இதுதான். படம், அதோடு வரும் விஷயம் தெரிந்த ஆள், பார்த்தவர்கள் அடுத்து செய்யக்கூடிய ஒரே ஒரு சின்ன வேலை என்று மூன்று பாகம் உண்டு. நம் ஊர்களில் பெரும்பாலும் முதல் பாகத்தோடு நின்றுவிடுகிறோம். திரை கட்டுகிறோம், படம் போடுகிறோம், சிறப்பு விருந்தினருக்குத் துண்டு போடுகிறோம், வண்டி ஏறிவிடுகிறோம்.

படம் உண்மையில் என்ன செய்கிறது?

ஒரு கூட்டத்தில் “மீன் வியாபாரியிடம் அட்வான்ஸ் வாங்காதீர்கள்” என்று சொன்னால் கேட்பவர் மனசுக்குள் உடனே எதிர்வாதம் தொடங்கிவிடும்: உனக்கென்ன, மாசச் சம்பளக்காரன். கதைக்குள் இருக்கும்போது அந்த வாதம் எழ நேரம் இருப்பதில்லை. பாத்திரத்தோடு கூடவே நடந்துகொண்டிருக்கிறார். இது முதல் பலன். தன்னைப் போன்ற ஒருவர் ஒரு காரியத்தை எப்படித் தொடங்கினார், எங்கே தடுமாறினார், எப்படி மீண்டார் என்று கண்ணால் பார்ப்பது இரண்டாவது. நல்லவர் எடுத்த எடுப்பில் ஜெயிக்கும் படத்தைவிட, பாதி வழியில் தயங்குகிறவர் மெல்ல மாறும் படம் இதற்கு உதவும். மெக்சிகோவில் மிகுவேல் சபிதோ 1970-களில் தொலைக்காட்சித் தொடர்களை இப்படித் திட்டமிட்டுத்தான் எழுதினார்: நல்ல முன்மாதிரி ஒருவர், கெட்ட முன்மாதிரி ஒருவர், நடுவில் ஊசலாடும் ஒருவர். பார்வையாளர் ஒட்டிக்கொள்வது அந்த மூன்றாமவரோடு.

மூன்றாவது பலன் கூட்டமாகப் பார்ப்பதால் மட்டும் வருவது. போனில் தனியாகப் பார்த்தால் எனக்கு ஒரு விஷயம் தெரியும், அவ்வளவுதான். ஊரே திடலில் உட்கார்ந்து பார்த்தால், எனக்குத் தெரிந்தது பக்கத்து வீட்டுக்காரருக்கும் தெரியும் என்பது எனக்குத் தெரிகிறது. கடன், குடி, பதினாறு வயதில் பெண்ணைக் கட்டிக்கொடுப்பது போன்ற, எல்லோருக்கும் தெரிந்தும் யாரும் வாய் திறக்காத விஷயங்களில் இதுதான் பெரிய உதவி. உகாண்டாவில் 112 கிராமங்களில் நடந்த ஓர் ஆய்வை இங்கே சொல்ல வேண்டும். ஊர் வீடியோ கொட்டகைகளில் வழக்கமான படங்களுக்கு இடையிடையே, வீட்டுக்குள் பெண்கள்மீது நடக்கும் வன்முறை பற்றிய குறும்படங்களைப் போட்டார்கள். வன்முறை பற்றி மக்கள் வைத்திருந்த கருத்து பெரிதாக மாறவில்லை. ஆனால் அடி விழுந்தால் வெளியே சொல்லலாம் என்ற துணிச்சல் பெண்களிடம் கூடியது. சொன்னால் ஊர் ஏசும் என்ற பயம் தளர்ந்ததுதான் காரணம்.

எதைப் படம் தானாக மாற்றும், எதை மாற்றாது என்றும் பிரித்துப் பார்க்க வேண்டும். 2024 கடைசியில் வந்த ‘ஸ்தானார்த்தி ஸ்ரீகுட்டன்’ மலையாளப் படத்தின் முடிவில், கடைசி பெஞ்ச் என்பதே இல்லாத வகுப்பறை வரும். கேரளத்தில் சில பள்ளிகள் அதைப் பின்பற்றின. 2025 ஜூலையில் தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறையும் ‘ப’ வடிவ இருக்கை முறையைக் கையில் எடுத்தது. கழுத்து வலிக்காதா, நாற்பது பேர் உள்ள அறையில் இடம் ஏது என்ற கேள்விகளும் உடனே வந்தன. பெஞ்சைத் திருப்பிப் போட ஒரு சுற்றறிக்கை போதும், அதனால் அது இவ்வளவு வேகமாகத் தொடங்கியது. வியாபாரியிடம் வாங்கிய கடனைச் சுற்றறிக்கையால் திருப்பிப் போட முடியாது. பத்துப் பதினைந்து குடும்பம் சேர்ந்து, ஒருவரை ஒருவர் நம்பி, மாசக்கணக்கில் செய்ய வேண்டிய காரியம் அது. அங்கே படம் தொடக்கம் மட்டும்தான்.

ஒரே பிரச்சினை, ஒரே வேலை

இராமநாதபுரம் கரையில் பேசுவதற்குப் பஞ்சமில்லை. கடல்பாசி எடுக்கும் பெண்களின் வருமானமும் அடையாள அட்டையும், கடலில் அறுத்துவிடப்படும் வலைகள், 2001 முதல் பிடிக்கத் தடை உள்ள கடல் அட்டை, குடி, பத்தாவதோடு நிற்கும் படிப்பு, எல்லை தாண்டிப் பிடிபடும் படகுகள். எல்லாவற்றையும் ஒரே இரவில் தொட நினைத்தால் எதுவும் ஒட்டாது. ஒன்றை எடுங்கள். அதையும் ஒரு வேலையாகச் சுருக்குங்கள். “விழிப்புணர்வு” என்பது வேலை அல்ல. “வரும் ஞாயிறு மூன்று மணிக்கு, அட்வான்ஸ் கணக்கு எழுதிய நோட்டோடு சமுதாயக் கூடத்துக்கு வருவது” என்பது வேலை.

அட்வான்ஸையே உதாரணமாக வைத்துக்கொள்வோம். நாட்டுப்படகுக்காரர் ஒருவர் வலைக்கும் எஞ்சினுக்கும் வியாபாரியிடம் 50,000 ரூபாய் வாங்குகிறார். வட்டி கிடையாது. பிடிப்பதை அவரிடமே போட வேண்டும் என்பது மட்டும் பேச்சு. வெளியில் விற்கும் விலையைவிடக் கிலோவுக்கு 20 ரூபாய் குறைவு என்று வையுங்கள். நாளைக்கு 15 கிலோ, மாதம் 18 நாள். 20 × 15 × 18 = 5,400 ரூபாய். வருஷத்துக்கு 64,800. அசல் 50,000 அப்படியே நிற்கிறது. இந்தப் பெருக்கலை ஒரு சார்ட் பேப்பரில், கூட்டத்தில் இருப்பவர் சொல்லும் எண்களை வைத்து, அவர் கையாலேயே போடச் சொல்ல வேண்டும். நாம் போட்டுக் காட்டினால் “அது ஒங்க கணக்கு” என்று ஒதுக்கிவிடுவார்கள். இன்னொன்றும் உண்டு: அந்த வியாபாரிதான் நடு ராத்திரி ஆஸ்பத்திரிச் செலவுக்கும் பணம் தருகிறவர். அதை மறைத்துவிட்டு அவரை வில்லனாக்கிப் பேசுகிற கூட்டத்தில் ஊர்க்காரர்கள் வாயே திறக்க மாட்டார்கள்.

படத்தைத் தேர்ந்தெடுப்பது

நம் ஊரைப் பற்றிய படம்தான் நல்லது என்று முதலில் தோன்றும். எப்போதும் அப்படி இல்லை. சொந்தக் கடலைத் திரையில் பார்த்தால் பாதிப் பேர் தப்புக் கண்டுபிடிக்க இறங்கிவிடுவார்கள்: வலையை இப்படியா இழுப்பான், இந்தக் காத்துக்கு எவன் பாய் விரிப்பான். 2012-ல் வந்த ‘நீர்ப்பறவை’ குடியிலிருந்து மீளும் ஒரு மீனவ இளைஞனின் கதை. குடியைப் பற்றிப் பேசத்தான் அதைப் போடுவீர்கள். ஆனால் கதை இலங்கைக் கடற்படையின் துப்பாக்கிச் சூட்டுக்குப் போகிறது. இராமேசுவரத்திலோ தங்கச்சிமடத்திலோ அதன் பிறகு குடி பற்றி யார் பேசுவார்? படம் மோசம் என்று சொல்லவில்லை. நீங்கள் எடுத்த பிரச்சினைக்குப் பொருந்தாது, அவ்வளவுதான்.

தூரத்து ஊர்க் கதைக்கு ஒரு வசதி உண்டு. ‘மந்தன்’ படத்தில் பாலுக்கு அடிமாட்டு விலை கொடுக்கும் மிஸ்ராவைப் பற்றித் தாராளமாகப் பேசலாம். அவர் குஜராத்துக்காரர். சொந்த ஊர் வியாபாரி நாலாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாலும் பேசலாம், எல்லோருக்கும் புரியும், யாருக்கும் நேரடியாகக் குத்தாது. படத்தின் முடிவும் உதவும்: வெளியிலிருந்து வந்த அதிகாரி போய்விடுகிறார், ஊர் இளைஞன் சங்கத்தைக் கையில் எடுக்கிறான். வெளியாள் வந்து எல்லாவற்றையும் முடித்துக்கொடுத்துவிட்டுப் போகும் படம் என்றால் பார்ப்பவர்கள் அழுவார்கள், கைதட்டுவார்கள், தங்களுக்கும் அப்படி ஒருவர் வருவார் என்று காத்திருப்பார்கள்.

சிக்கல், அது இந்திப் படம், இரண்டேகால் மணி நேரம். திரையின் அடியில் வேகமாக ஓடும் எழுத்தைப் படிக்கப் பெரியவர்களுக்கு முடியாது. அதனால் முழுப் படத்தையும் விட்டுவிட்டு, விலை பேசும் காட்சி, பால் மாதிரி வாங்கிக் கொழுப்புச் சோதிக்கும் காட்சி, கடைசிப் பகுதி என மொத்தம் 30 நிமிடம் எடுத்து, நடுநடுவே ஒருவர் ஊர்ப் பேச்சில் கதை சொல்வது நன்றாக எடுபடும். தமிழ்ப் படம் என்றால் முழுசாகப் போடலாம். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடும் படமானால் இடைவேளையிலேயே பேச்சை வையுங்கள். “இந்த இடத்தில் நீங்களாக இருந்தால் அடுத்து என்ன செய்வீர்கள்?” என்று கேட்க அதைவிட நல்ல நேரம் கிடையாது. இரவு பத்தரைக்கு, பிள்ளைகள் மடியில் தூங்க, எந்த அம்மாவும் கலந்துரையாடலுக்கு உட்கார மாட்டார்.

முன்கூட்டியே நீங்கள் தனியாக இரண்டு தடவை பாருங்கள், இரண்டாவது தடவை கையில் பேனாவோடு. எந்தப் பாத்திரத்தை மக்கள் ரசிப்பார்கள் என்று குறியுங்கள். 1984–85-ல் தூர்தர்ஷனில் வந்த ‘ஹம் லோக்’ தொடரில் எல்லாவற்றையும் பொறுத்துப்போகும் தாயாக பாகவந்தி என்ற பாத்திரம் வரும். பெண் இப்படி அடங்கிக் கிடக்கக் கூடாது என்று காட்டுவதற்காக எழுதப்பட்டது. பார்த்தவர்களில் நிறையப் பேர் அவரையே பின்பற்றத் தக்க தாயாக எடுத்துக்கொண்டார்கள். குடிகாரரைச் சிரிப்புக்காக வைக்கும் நம் படங்களிலும் இதே ஆபத்து இருக்கிறது. படத்தில் வரும் சட்டத் தகவல்களையும் சரிபாருங்கள். பழைய படம் சொல்லும் நடைமுறை இன்று மாறியிருக்கலாம்.

அனுமதிகள்

ஓடிடி சந்தா வீட்டுக்குள் பார்ப்பதற்கு மட்டும். திடலில் போட, கட்டணம் வாங்காவிட்டாலும், உரிமை வைத்திருப்பவரின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். துண்டுக் காட்சிகளுக்கும் அதையே கேட்டு வாங்கிவிடுங்கள். தயாரிப்பு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதிப் பதில் வர நாளாகும் என்பதால் ஆறு வாரத்துக்கு முன்பே தொடங்க வேண்டும். கல்வி நிலையத்துக்குள், ஆசிரியர், மாணவர், பெற்றோர் போன்ற தொடர்புடையவர்கள் மட்டும் பார்க்கும் காட்சிக்கு 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. முதல் முயற்சியைப் பள்ளியிலோ கல்லூரியிலோ வைப்பது சுலபம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். தணிக்கைச் சான்று உள்ள படமாக இருக்க வேண்டும். யுஏ 13+, யுஏ 16+ என்று இப்போது வயது பிரித்துத் தருகிறார்கள், திடலில் குழந்தைகளைத் தடுக்க முடியாது என்பதை நினைவில் வைத்துத் தேர்ந்தெடுங்கள். ஒலிபெருக்கிக்குக் காவல் நிலையத்தில் மனு. இரவு 10 மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாது.

தாளில் வாங்கும் அனுமதியைவிட ஊரில் வாங்கும் அனுமதி பெரியது. ஊர்த் தலைவர், ஜமாத், பங்குத்தந்தை, மகளிர் குழுத் தலைவி என்று ஊருக்கு ஊர் சொல்லும் வாய் வேறு. இவர்களுக்கு முதலில் படத்தைத் தனியாகப் போட்டுக் காட்டுங்கள். நடுக் காட்சியில் எழுந்து நிறுத்தச் சொல்லும் நிலைமை அப்போது வராது. செலவை யார் தருகிறார் என்பதையும் கவனியுங்கள். அட்வான்ஸ் பற்றிய படத்துக்கு வியாபாரி மைக் செட் எடுத்துக் கொடுத்தால் அன்றைக்குப் பேச்சு நடக்காது.

நாள், இடம், காற்று

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகு ஆட்கள் கரையில் இருப்பார்கள், கையில் காசு இருக்காது. கடன் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான காலம் இல்லை. நாட்டுப்படகுகள் அப்போதும் கடலுக்குப் போகும் என்பதால் அவர்களுக்கு வேறு கணக்கு. வெள்ளி, ஞாயிறு என்று தொழிலுக்குப் போகாத நாள் ஊருக்கு ஊர் மாறும். பாசிக்குப் போகும் பெண்களுக்கு அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்கள் வேண்டாம். விடியலில் எழுந்து, விரலில் துணிச் சுற்றிக்கொண்டு, மணிக்கணக்கில் முங்கி எழுந்து வந்தவரை இரவு படத்துக்குக் கூப்பிடுவது நியாயமில்லை.

திறந்தவெளிக்குப் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை நல்ல காலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்கடல் (மன்னார் வளைகுடா) கரையில் காற்று விடாது. அக்டோபருக்குப் பிறகு வாடையும் மழையும் வடகடல் (பாக் விரிகுடா) கரையைப் பிடித்துக்கொள்ளும். திரை என்பது பாய் மாதிரிதான்: 12 அடி அகலம், ஏழடி உயரத் துணியில் மணிக்கு 30 கி.மீ. காற்று நேராக அடித்தால் சுமார் 40 கிலோ இழுவை விழும். இரண்டு சவுக்குக் கம்பை மணலில் நட்டு நிறுத்தினால் முதல் பாட்டுக்குள் சாய்ந்துவிடும். கோயில், பள்ளிவாசல், சர்ச், ஐஸ் கம்பெனி என்று எதன் சுவராவது காற்றை மறைக்கும் பக்கம் திரையைக் கட்டுங்கள். சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவர் கிடைத்தால் துணியே வேண்டாம். துணிதான் என்றால் நாலு மூலையை மட்டும் இழுத்துக் கட்டாமல், ஓரம் முழுக்க ஒவ்வொரு அடிக்கும் ஒரு கண் வைத்து ரப்பர் கயிற்றால் கட்டினால் துணி கிழியாது, படமும் அலையடிக்காது.

150 பேருக்கு 3,500 லூமென் வெளிச்சம் தரும் புரொஜெக்டர் போதும். திரை அகலத்தைப் போல் ஒன்றரை மடங்கு, அதாவது 18 அடி தூரத்தில் நாலடி மேசைமேல் வையுங்கள், முன்னால் பாயில் குழந்தைகள். சூரியன் மறைந்து முக்கால் மணி நேரம் கழித்துத் தொடங்கினால்தான் படம் வெளுக்காது. புரொஜெக்டரும் இரண்டு ஸ்பீக்கரும் சேர்ந்து ஒரு கிலோவாட்டுக்குள் அடங்கும். 2 கே.வி.ஏ. ஜெனரேட்டரை 100 அடிக்கு அப்பால், காற்று போகும் திசையில் வையுங்கள். பலர் படத்தைப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்துவிட்டு ஒலியைக் கோட்டைவிடுவார்கள். கடல் இரைச்சலில் வசனம்தான் முதலில் காணாமல் போகும். ஸ்பீக்கரை ஆறடி உயரத்தில் ஏற்றி, பாஸை (அடித்தொனியை) குறைத்து, கடைசி வரிசையில் போய் நின்று கேட்டுப் பாருங்கள். முடிந்ததும் புரொஜெக்டரின் விசிறி நிற்கும்வரை காத்திருந்து, உப்பு ஈரம் படாமல் மூடியுள்ள பெட்டியில் சிலிக்கா ஜெல் பையோடு வைக்க வேண்டும்.

பேச்சு

“அண்ணே, படம் எப்படி இருந்துச்சு?”

“நல்லா இருந்துச்சு தம்பி.”

அத்தோடு முடிந்தது. இந்தக் கேள்வியைக் கேட்கவே கூடாது. அதேபோல “இந்தப் படத்திலிருந்து என்ன தெரிந்துகொண்டீர்கள்?” என்பதும் பரீட்சைக் கேள்வி. ஆளைப் பற்றிக் கேளுங்கள்: அந்தப் பொண்ணு ஏன் முதல்ல சங்கத்துக்கு வர மாட்டேன்னுச்சு? வந்திருந்தா அது வீட்டுல என்ன நடந்திருக்கும்? பிறகு ஊரைப் பற்றி: இங்கே அப்படி ஒரு சங்கம் வச்சா முதல்ல எது ஒடையும்? கடைசியில்தான் வேலையைப் பற்றி. இந்த வரிசையை மாற்றினால் கூட்டம் எழுந்துவிடும்.

150 பேரை வைத்துக்கொண்டு பேச முடியாது. எட்டிலிருந்து பன்னிரண்டு பேராகப் பிரியுங்கள், பெண்கள் தனியாக, பேச்சை நடத்துவது ஒரு பெண்ணாக. ஒரு குழுவுக்கு 25 நிமிடம். அதே இரவில் முடியாவிட்டால் மறுநாள் வலை பின்னும் இடத்தில், மீன் காயப்போடும் இடத்தில் போய் உட்காருங்கள். அது இன்னும் நன்றாக நடக்கும். முதலில் பேசுபவரே எல்லாவற்றையும் பேசினால், “மாமா சொல்லிட்டாங்க, இப்ப மதினி சொல்லட்டும்” என்று முறை வைத்துத் திருப்பலாம். குடி, அடி பற்றிய படமாக இருந்தால் எவரையும் சொந்தக் கதை சொல்லத் தூண்ட வேண்டாம். சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகப்போவது அவர்தான். 181 (பெண்கள் உதவி எண்), 1098 (குழந்தைகள் உதவி எண்) எழுதிய சின்ன அட்டையைப் பெண்களிடம் கையில் கொடுங்கள், சுவரொட்டியாக ஒட்ட வேண்டாம்.

விஷயம் தெரிந்த ஆள் அன்று இரவே அங்கே இருக்க வேண்டும் என்றோம். அட்வான்ஸ் விஷயத்தில் அவர் மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கு தெரிந்த ஒருவரோ வங்கியின் கடன் பிரிவு ஊழியரோ ஆகலாம். கூடவே, ஏற்கெனவே சேர்ந்து விற்றுப் பார்த்த பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் கிடைத்தால் மற்ற இருவரையும்விட அவர் பேச்சுதான் எடுபடும். படிவம் கையில் இருக்கட்டும். மேடை ஏற்ற வேண்டாம், கூட்டத்தோடு உட்காரட்டும். சமுதாயக் கூட்ட நாளை மறுபடி நினைவூட்டப் பாம்பனில் இயங்கும் கடல் ஓசை 90.4 பண்பலை போன்ற சமூக வானொலிக்கு ஒரு தகவல் சொல்லி வையுங்கள். கடலில் இருப்பவர் காதுக்கும் அது போகும்.

எதை எண்ணுவது?

எத்தனை பேர் வந்தார்கள் என்பது படத்துக்கு வந்த கூட்டக் கணக்கு. அதை எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் வெற்றி என்று எழுதாதீர்கள். காட்சிக்கு ஒரு வாரம் முன் 30 பேரிடம் ஐந்து கேள்வி கேளுங்கள்: அட்வான்ஸ் எவ்வளவு, கிலோவுக்கு எவ்வளவு குறைவு என்று தெரியுமா, வேறு யாரிடமாவது விலை கேட்டதுண்டா, கணக்கு எழுதி வைத்திருக்கிறீர்களா, சேர்ந்து விற்கச் சம்மதமா. அதே 30 பேரிடம் மூன்று மாதம் கழித்து அதே கேள்விகள். முடிந்தால் படம் போடாத பக்கத்து ஊரிலும் 30 பேரைக் கேளுங்கள். அந்த மூன்று மாதத்தில் இறால் விலை ஏறியிருந்தால் இரண்டு ஊரிலும் பதில் மாறியிருக்கும், அதைப் படத்தின் கணக்கில் சேர்க்காமல் இருக்க அது உதவும்.

ஞாயிறு மூன்று மணிக்கு நாலு பேர் நோட்டோடு வந்தால் நல்ல தொடக்கம். யாருமே வரவில்லை என்றால் இன்னொரு படம் போடுவதற்கு முன் காரணத்தைத் தேடுங்கள். நேரம் சரியில்லையா, கூடம் யாருடைய தெருவில் இருக்கிறது, நோட்டை வெளியே காட்டினால் வியாபாரிக்குத் தெரிந்துவிடும் என்ற பயமா. பெரும்பாலும் கடைசியாகச் சொன்னதுதான். அப்போது கூடத்தை விட்டுவிட்டு ஒரு வீட்டுத் திண்ணைக்கு மாற்றுங்கள், மகளிர் குழுவின் வாரக் கூட்டத்தோடு சேர்த்துவிடுங்கள்.